கண்ணைக் காக்கும் நீரும் அருகே நிற்கும் மின்சாரமும்

வவுனியாவிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில், கிளிநொச்சியைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பரந்தன் சந்தி வருகிறது. அங்கிருந்து ஒரு வீதி கிழக்கே முல்லைத்தீவுக்குப் பிரிகிறது. வன்னியின் முதியோருக்குப் பரந்தன் என்றதும் நினைவில் எழுவது அந்தச் சந்தி மட்டுமன்று. அங்கே நின்ற இரசாயனத் தொழிற்சாலையுமாகும். 1950களில் அரசினர் நிறுவிய அத்தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. 1980களின் நடுப்பகுதியில் போரின் நெருக்கடியால் அதன் இயந்திரங்கள் ஓய்ந்தன. ஆனையிறவில் 2025ஆம் ஆண்டில் உப்புத் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பரந்தனில் இரசாயனக் கைத்தொழிலை மீள நிறுவும் திட்டங்களும் அண்மை ஆண்டுகளில் பேசப்பட்டு வருகின்றன. தொழில் திரும்பும் இடத்துக்குத் தொழிலாளியும் திரும்புவான். அவனுடைய கண்ணுக்கும் உயிருக்கும் உரிய காவல், அவனுக்கு முன்னரே அங்கு சென்று நிற்கவேண்டும் அல்லவா?

பரந்தனில் நடந்த வேலையின் இயல்பை அறிந்தால், அந்தக் காவல் எத்தகையது என்பது விளங்கும். உப்பை நீரிற் கரைத்து, அக்கரைசலினூடே மின்னோட்டத்தைச் செலுத்தினால் உப்பும் நீரும் பிரிந்து மூன்று பொருள்களைத் தருகின்றன. ஒரு முனையிற் குளோரீன் வாயு எழுகிறது. மறு முனையின் பக்கத்தில் ஐதரசன் வாயுவும் எரிசோடாவும் கிடைக்கின்றன. மின்பகுப்பு என்று விஞ்ஞானிகள் இதனை அழைப்பர். குளோரீன் குடிநீரைத் தூய்மைப்படுத்துகிறது. எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் நெசவுத் தொழிலுக்கும் வேண்டப்படுகிறது. இவ்வளவு பயனுள்ள வேலை நடக்கும் அதே அறையில் இரண்டு அபாயங்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. உடலை அரிக்கும் இரசாயனம் ஒன்று, மின்சாரம் மற்றொன்று. முன்னதற்கு மருந்து நீர். பின்னதற்கோ நீரே பகை. ஒன்றிலிருந்து காக்க வைத்த நீர் மற்றொன்றின் வாயில் மனிதனைத் தள்ளிவிடாமல் இருப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

முதலில் கண்ணைப் பற்றிய செய்தி. அமிலந்தான் கொடியது, காரம் அவ்வளவு கொடியதன்று என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணைப் பொறுத்தவரை உண்மை இதற்கு மாறானது. அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, அதுவே ஓரளவுக்குத் தடைச்சுவராகி அமிலம் ஆழத்துக்குச் செல்வதைத் தாமதிக்கச் செய்கிறது. எரிசோடா போன்ற கடுங்காரமோ கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே செல்கிறது. கண்மணிக்கு முன்னே கண்ணாடிபோல் நிற்கும் விழிவெண்படலம் இதனால் மங்கிப் பார்வை என்றென்றைக்கும் அழியலாம். வீட்டுச் சுண்ணாம்பும் கட்டட வேலையின் சீமெந்தும் இந்தக் காரக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மருத்துவமனை எவ்வளவு அண்மையில் இருந்தாலும், வைத்தியர் எவ்வளவு வல்லவராயினும், முதல் சில விநாடிகளில் இழந்ததை அவரால் மீட்டுத் தருவது அரிது. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்வதால் என்ன பயன் என்று நம் முன்னோர் கேட்டது இதற்கும் பொருந்தும்.

ஆகவே அமிலமும் காரமும் கையாளப்படும் இடங்களில் இரண்டு சாதனங்களை அமைக்கின்றனர். ஒன்று, தலைக்கு மேலிருந்து நீரைப் பொழியும் அவசர நீர்த்தூவி. தொழிலாளர் இதனைச் சவர் என்பர். மற்றது, இரு கண்களுக்கும் கீழிருந்து மெல்லிய தாரைகளாக நீரை எழுப்பும் கண்கழுவு தொட்டி. இவை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு உலகில் பலரும் பின்பற்றும் அளவுகோல், 1981ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டுப் பின்னர் பல முறை திருத்தப்பட்ட ‘இசட் 358.1’ என்னும் அமெரிக்க நியமமாகும். அதன்படி, விபத்துக்கு உள்ளானவர் 10 விநாடிகளுக்குள் இச்சாதனத்தை அடையவேண்டும். கடுங்காரமும் கடும் அமிலமும் உள்ள இடத்தில் அது பக்கத்திலேயே இருத்தல் நன்று. பாதையிற் படியோ தடையோ இருத்தல் ஆகாது. ஒரு தடவை இழுத்தாலோ தள்ளினாலோ 1 விநாடிக்குள் நீர் திறந்து, கையை விட்ட பின்பும் தானே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீர்த்தூவி நிமிடத்துக்கு 75.7 லீற்றர் வீதமும், கண்கழுவு தொட்டி நிமிடத்துக்கு 1.5 லீற்றருக்குக் குறையாமலும், 15 நிமிடங்கள் தொடர்ந்து நீர் தருதல் வேண்டும்.

இந்த எண்களைப் பெருக்கிப் பார்த்தால் மின்சாரத்தின் பிரச்சினை எங்கே தோன்றுகிறது என்பது தெரியும். நிமிடத்துக்கு 75.7 லீற்றர் வீதம் 15 நிமிடங்களுக்கு 1,135 லீற்றர் நீர் பொழிகிறது. வீட்டுக் கூரைகளில் வைக்கும் 1,000 லீற்றர்த் தாங்கி முழுவதும் நிறைந்திருந்தாலும் 13 நிமிடங்களில் வெறுமையாகிவிடும். இத்தனை நீரும் ஓர் அறையின் தரையில் விழுகிறது, சுவரில் தெறிக்கிறது, வழிந்தோட வாய்க்கால் இல்லையெனில் மேசைகளின் கீழும் இயந்திரங்களின் அடியிலும் பரவுகிறது. அந்த நீர் தூயதுமன்று. அமிலமோ காரமோ உப்போ கலந்த நீர். தூய நீர் மின்னை அரிதாகவே கடத்தும். இவை கலந்த நீரோ மிக நன்றாகக் கடத்தும்.

அந்த நீரின் நடுவே நிற்பவன் யார்? உடை நனைந்து, காலணி கழன்று, கண்ணை மூடிக்கொண்டு, கைகளாற் சுவரையும் குழாயையும் தடவித் துழாவும் ஒரு மனிதன். உலர்ந்த தோல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும். நனைந்த உடலின் தடையோ ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். இலங்கையில் வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. 230 வோல்ற்றை 1,000 ஓமாற் பிரித்தால் 230 மில்லியம்பியர் மின்னோட்டம். இதில் ஒரு சிறு பங்கே தசைகளை இறுகச் செய்து மூச்சைத் தடுக்கப் போதும். சிறிது நேரம் நீடித்தால் இதயத் துடிப்பைக் குழப்பவும் போதும். உலர்ந்த நாளிற் சிறு அதிர்ச்சியோடு போகக்கூடிய ஒரு பழுது, நீர்த்தூவியின் கீழ் உயிரைப் பறிக்கும் பழுதாகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுவது எளிது. மின்சாரம் இருக்கும் இடத்தில் நீர் ஆபத்தானது. ஆகையால் நீர்த்தூவியைத் தூரத்தே, கட்டடத்துக்கு வெளியே, மூலையில் வைத்துவிடலாம் என்பதே அம்முடிவு. இவ்வாறு செய்தால் மின் அபாயம் குறையலாம்; கண் போய்விடும். எரிசோடா பட்ட கண்ணுக்கு ஐம்பது யார் தூரம் என்பது மிக நீண்ட பயணம். முறையான விடை வேறு. நீர் இருக்கவேண்டிய இடத்தை இரசாயனம் தீர்மானிக்கட்டும். அந்த இடத்திலிருந்து விலகவேண்டியது மின்சாரமே. ஓர் ஆளியை ஆறடி தள்ளி வைப்பதற்குச் சில யார் கம்பியும் ஒரு நாள் வேலையும் போதும். பார்வையை ஆறடி தள்ளி வைக்க முடியாது.

மின்சாரத்தை விலக்குதல் என்பதன் பொருளைச் சற்று விரிவாகக் காணலாம். பல ஆய்வுகூட வழிகாட்டிகள், நீர்த்தூவியைச் சுற்றி ஏறத்தாழ 6 அடி, அதாவது 1.8 மீற்றர் வரை, ஆளி, செருகி பொருத்தும் குதை, மின்விநியோகப் பெட்டி, கையால் எடுத்துச் செல்லும் மின்கருவி எதுவும் இருத்தலாகாது என்று கூறுகின்றன. தவிர்க்க முடியாமல் ஒரு குதை இருக்குமாயின், அது நீர் தெறித்தாலும் உட்புகாத மூடியுள்ள பெட்டிக்குள் இருக்கவேண்டும். மின்சாதனப் பெட்டிகளில் ‘ஐ.பி.’ என்ற குறியோடு இரண்டு இலக்கங்கள் இருப்பதைக் காணலாம். அவற்றுள் இரண்டாவது இலக்கம் நீரைத் தாங்கும் தரத்தைக் காட்டுகிறது. 4 என்றால் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரையும், 5 என்றால் குழாயிலிருந்து பாயும் நீரையும் அது தாங்கும். ஆனால் மூடியைத் திறந்து செருகியை மாட்டிய கணத்தில் அந்தத் தரம் பல பெட்டிகளில் அற்றுப்போகிறது என்பதையும் மறத்தலாகாது. உப்புக் காற்று வீசும் ஆனையிறவு போன்ற இடங்களில் திருகாணிகளும் மூடிகளும் துருப்பிடிப்பதால், பெட்டியின் தரம் வாங்கிய நாளில் இருந்ததுபோல் எப்போதும் இராது.

அறையின் மின்சுற்றுக்கு, மின்வேலையாட்கள் ‘ட்றிப் சுவிச்’ என்று வழங்கும் காவற்கருவி இன்றியமையாதது. செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை இக்கருவி இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லியம்பியர் அளவு மின்னோட்டம் வழிதவறி மனித உடலினூடாகவோ ஈரச் சுவரினூடாகவோ நிலத்துக்குச் சென்றால், விநாடியில் மூன்றிலொரு பங்குக்குள் சுற்றை அறுத்துவிடுகிறது. உருகியால் இது இயலாது. கம்பியைக் காக்க வந்தது உருகி. மனிதனைக் காக்க வந்தது ட்றிப் சுவிச். அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தாலன்றி, அது விழித்திருக்கிறதா உறங்கிவிட்டதா என்பது தெரியவராது.

பரந்தனில் இருந்தது போன்ற மின்பகுப்புக் கூடத்துக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. அங்கே ஒவ்வொரு மின்பகுப்புக் கலத்துக்கும் வேண்டிய அழுத்தம் மூன்று நான்கு வோல்ற்று மாத்திரமே. ஆனால் பல கலங்களைத் தொடராக இணைத்து, ஆயிரக்கணக்கான அம்பியர் நேரோட்டத்தைச் செலுத்துவர். தொடரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையிலுள்ள அழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ற்றாக உயரலாம். அதனால் அக்கூடத்தின் நடைபாதைகளை மின்கடத்தாப் பொருளால் அமைத்து, தொழிலாளியை நிலத்தின் தொடர்பிலிருந்து பிரித்து வைப்பர். அத்தகைய கூடத்தின் நடுவே, மண்ணிற் புதைந்த இரும்புக் குழாயோடு ஒரு நீர்த்தூவியைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நேரும்? ஒரு கை கலத்திலும் மறு கை குழாயிலும் பட்டவனுடைய உடலே மின்னோட்டத்துக்குப் பாலமாகிவிடும். ஆகவே அங்கே கலத்தையும் குழாயையும் ஒருவர் ஒருங்கே எட்டித் தொட முடியாத தொலைவு வேண்டும். குழாய் கடத்தாப் பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். நீர் கலங்களின் பக்கம் வழியாமல் அப்பாற் செல்லத் தரை சாய்ந்திருத்தல் வேண்டும். இவை அனைத்தும் 10 விநாடி எல்லைக்குள்ளேயே முடியவேண்டும். கட்டடம் எழுந்த பின்னர் இதனைச் சரிசெய்வது கடினம். வரைபடத்திலேயே இரண்டையும் ஒருங்கே எண்ணவேண்டும்.

நீரையும் மின்சாரத்தையும் பிணைக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத முடிச்சு. பல வேலைத்தலங்களில் நீர்த்தூவிக்கு நீர் வருவது மின்பம்பியினால். விபத்து நேர்ந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று பிரதான ஆளியை அணைப்பது. ஆளியை அணைத்தால் பம்பியும் நின்றுவிடுகிறது. பம்பி நின்றால் கண்ணுக்கு நீர் இல்லை. மின்வெட்டு நேரத்தில் விபத்து வந்தாலும் இதே கதிதான். ஒரு அபாயத்தைத் தடுக்கும் கையே மற்றொரு காவலைப் பறிக்கும் இந்த அமைப்பைப் பல இடங்களில் யாரும் கவனிப்பதில்லை. இதற்கு மருந்து எளியது. நீர்த்தூவிக்கென உயரத்தே ஒரு தனித்தாங்கி வைத்து, அகன்ற குழாய் மூலம், மின்சாரத்தின் துணையின்றி நீர் தன் நிறையாலேயே இறங்குமாறு அமைத்தல் வேண்டும். பம்பி தாங்கியை நிரப்பட்டும். உயிரைக் காக்கும் நேரத்தில் அதன் தயவு வேண்டாம். நீர்த்தூவி இருக்கும் இடத்தைக் காட்டும் விளக்கு, மின்சாரம் நின்றாலும் மின்கலத்தின் உதவியால் எரியவேண்டும். நீர் பொழியும் வட்டத்துக்கு வெளியே பொருத்தப்படவும் வேண்டும். உதவிக்கு ஆளை அழைக்கும் மணி இணைக்கப்பட்டிருந்தால், அது 12 அல்லது 24 வோல்ற்றுத் தாழ் அழுத்தத்தில், பிரதான மின்சாரத்தோடு நேர்த்தொடர்பின்றி இயங்குதல் நன்று.

குளிர்நாடுகளிலிருந்து வரும் சாதனங்களில், நீர் உறையாமல் இருப்பதற்குக் குழாயைச் சுற்றி மின்வெப்பப் பட்டிகள் அமைந்திருக்கும். கழுவும் நீரின் வெப்பநிலை 16 முதல் 38 பாகை சென்ரிகிரேட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். வன்னிக்கு அந்த வெப்பப் பட்டி தேவையற்ற மின்சுமை. வேண்டாத ஓர் அபாயம். இங்குள்ள தொல்லை நேர்மாறானது. சித்திரை வைகாசி வெயிலில் கூரைமேல் ஓடும் குழாயிலும் கறுப்புத் தாங்கியிலும் கிடக்கும் நீர் 38 பாகையை எளிதிற் கடந்துவிடும். சுடுநீர் பட்டால் காயமுற்ற கண் மேலும் புண்படும். தாங்கமாட்டாமல் மனிதன் 15 நிமிடங்களுக்கு முன்பே விலகிவிடுவான். தாங்கிக்கு நிழலும், குழாய்க்கு மண்ணின் மறைவும் கொடுத்தால் மின்சாரமின்றியே இந்தக் குறை தீரும்.

இவை பெருந்தொழிற்சாலைக்கு மட்டும் உரிய செய்திகள் என்று எண்ணுதல் வேண்டா. போர்க்காலத்தில் நெடுநாள் மின்சாரத்தைக் காணாதிருந்த வன்னிக்கு, 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சியூடாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற்று மின்பாதை அமைந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. வவுனியாவில் 2021ஆம் ஆண்டு முதல் ஒரு தனிப் பல்கலைக்கழகம் உண்டு. ஆய்வுகூடங்களில் அமிலப் போத்தலும் மின்கருவியும் ஒரே மேசையில் இருப்பது வழக்கம். முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் மீனுக்குப் பனிக்கட்டி செய்யும் ஆலைகளில் அமோனியாவைக் கையாளுதல் உண்டு. அமோனியாவும் கண்ணை ஆழமாக அரிக்கும் காரம். அங்கே தரை என்றும் ஈரம், பக்கத்தில் பெரும் மின்மோட்டார். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களிற் குளோரீன் இருக்கிறது. சந்திதோறும் உள்ள பற்றறிக் கடைகளிற் சல்பூரிக்கமிலம் இருக்கிறது. பற்றறிக்கு மின்னேற்றும்போது ஐதரசன் எழுகிறது. ஆளியிலோ இணைப்பிலோ எழும் ஒரு சிறு பொறி அதனை வெடிக்கச் செய்து அமிலத்தை முகத்தில் வீசக்கூடும். மின்னேற்றத்தை நிறுத்திய பின்பே இணைப்புகளைக் கழற்றுவதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும், கண்ணாடி அணிவதும், சில அடி தூரத்தில் சுத்தமான நீர்க்குழாய் இருப்பதும் அந்தச் சிறு கடைக்கும் இன்றியமையாதவை.

சாதனம் இருந்தால் மட்டும் போதாது. அது உயிரோடு இருக்கவேண்டும். கண்கழுவு தொட்டியை வாரத்துக்கு ஒரு முறை திறந்து ஓடவிட வேண்டும் என்று மேற்கூறிய நியமம் சொல்லுகிறது. வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினநீர். திறக்காத குழாயின் சிறு துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். தேங்கிய நீரிற் கிருமிகளும் பெருகும். அந்த வாரச் சோதனையின்போது, நீர் எங்கெல்லாம் தெறிக்கிறது, தரையில் எப்பக்கம் ஓடுகிறது என்பதைக் கவனித்தால், மின்சாரத்துக்கும் அதே சோதனை பயன்படும். நீர் சென்ற இடத்தில் கம்பியோ குதையோ இருக்குமாயின், அந்தப் பழுதை விபத்துக்கு முன்பே கண்டுகொள்ளலாம். தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு திருத்தும் வரை அச்சுற்றை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

விபத்து நேரும்போது செய்யவேண்டியவை சில. உடலில் இரசாயனம் மட்டும் பட்டிருந்தால் ஒரு கணமும் தாமதியாமல் நீரின் கீழ்ச் செல்லவேண்டும். நனைந்த உடைகளை நீரின் கீழேயே களையவேண்டும். கண்ணிமைகளை விரலால் விரித்து, விழியை நாற்புறமும் உருட்டி, 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவவேண்டும். காரமாயின் அதற்கு மேலும் தொடர்வது நன்று. பாலும் எண்ணெயும் வேறு மருந்துகளும் வேண்டா, நீரே மருந்து. மின்சாரமும் தாக்கியிருப்பதாகத் தோன்றினால், உதவிக்கு ஓடுவோர் முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். அதுவரை அவரையும் அவர் நிற்கும் நீரையும் தொடலாகாது. இல்லையெனில் ஒருவருக்குப் பதில் இருவரைத் தூக்கவேண்டி வரும். மின்சாரம் நின்ற பின், மூச்சும் துடிப்பும் இல்லையாயின் மார்பை அழுத்தி மீட்கும் முதலுதவியும், அதனோடு கழுவுதலும் தொடங்கட்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். வண்டி வரும்வரை நீர் நிற்கலாகாது.

இலங்கையில் தொழிலாளரின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அடித்தளமாக உள்ளது. தொழிற் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளர்கள் அதனை நடைமுறைப்படுத்துகின்றனர். ஆயினும் பரிசோதகர் வருவது என்றோ ஒரு நாள்; தொழிலாளி நிற்பது நாள்தோறும். குழாய் அமைப்பவர் நீரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். மின்கம்பி இழுப்பவர் கம்பியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். இருவரும் ஒரு நாள் ஒரே அறையில் ஒன்றாக நின்று, நீரைத் திறந்துவிட்டு, அது செல்லும் வழியை இருவர் கண்ணாலும் பார்த்தார்களாயின், மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை தாமே நிறைவேறிவிடும். கண்ணிற் காரம் பட்ட மனிதன், ‘இந்தக் குழாயைத் தொட்டால் மின்சாரம் தாக்குமோ’ என்று ஒரு விநாடியும் ஐயுறாமல் ஓடிச்சென்று அதனை இழுக்கவேண்டும். பரந்தனில் மீண்டும் எழக்கூடிய தொழிற்கூடமாயினும், பரந்தன் சந்தியின் பற்றறிக் கடையாயினும், அந்த நம்பிக்கையைத் தொழிலாளிக்குக் கொடுப்பது அவனை வேலைக்கு அழைத்தவரின் முதற் கடனாகும்.